ஃபுல் ஒப்ஷன்



"சேர் கார் எடுத்தீங்களாமே, என்ன கார், எவ்வளவுக்கு?" என்று ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போதும் கடையில் பாண் வாங்கும்போதும் கேட்கிறீர்கள். இன்பொக்ஸிலும் நாலைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே பதிலை எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம். இந்த வருடம் சின்னக் கார் ஒன்று பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் மட்டும் பொறுமையாக வாசியுங்கள்.

மனைவியின் தாய்வீடு கிண்ணியாவில். பாலையூற்றிலிருந்து சுமார் இருபது கிலோமீற்றர். கலியாணம் முடித்த நாளிலிருந்து மோட்டார் சைக்கிளில்தான் போய்வருகிறோம். முதலில் இரண்டு பேர், பிறகு மூன்று பேர், கடைசியில் நாலு பேர். மகன் டேங்கின் மேல், நான், எனக்குப் பின்னால் மகள், கடைசியில் மனைவி. தலைக்கவசம் இரண்டுதான். காலைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்கு வீதி ஒழுங்கு பற்றிப் பேசுகிறவன் நான். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆனால் அதே ஆள் நாலு பேரோடு பைக்கில் போகிறான். எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான். நம் ஊரில் இதைச் செய்யாத வீடு எத்தனை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

போன மார்கழி மழையில் கிண்ணியாவிலிருந்து திரும்பும்போது சீனக்குடாவுக்குக் கிட்ட சறுக்கி விழுந்தோம். மழை அடித்துக்கொண்டு வந்த மணல் வீதியோரம் கிடந்தது, எனக்குத் தெரியவில்லை. மகளுக்கு முழங்கையில் தோல் போனது, மனைவிக்கு முழங்காலில் அடி, மகனுக்கு ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். பின்னால் ஒரு லொறி வந்துகொண்டிருந்தது. அது எங்களுக்குச் சற்றுத் தூரத்திலேயே நின்றுவிட்டது. லொறிக்காரர் இறங்கி வந்து உடனே எங்களைத் தூக்கவில்லை. கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அன்று இரவு மகன் கேட்டான், "வாப்பா, அந்த லொறி நிக்காட்டி?"

அடுத்த வாரம் மனைவி தன் காப்பில் இரண்டைக் கழற்றி மேசையில் வைத்தாள். பேச்சு அவ்வளவுதான்.

நான் கணிதம் படிப்பிக்கிறவன், ஆனால் கார் விலைக் கணக்கு எனக்கு விளங்கவே ஒரு மாதம் சென்றது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான் மறுபடி கதவு திறந்தது. இடையில் கிட்டத்தட்ட ஐந்து வருடம் நாட்டுக்குள் இருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. ஐந்தாறு வருடம் ஓடிய காரை, வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விற்றவர்களை எனக்கே தெரியும். இறக்குமதி திறந்தால் விலை இறங்கும் என்று காத்திருந்தவர்களில் நானும் ஒருவன். புதிதாக வருவதற்கு வரிக்கு மேல் வரி, ரூபாயின் பெறுமதியும் பழைய பெறுமதி இல்லை. என் போன்ற ஆசிரியருக்குப் புதுக் கார் என்பது இப்போதைக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.

பெற்றோல் விடயமும் மனதில் இருந்தது. சீனக்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகள் நம் கண் முன்னால் நிற்கின்றன. அந்த ஊர்க்காரர் நாமும் 2022இல் வரிசையில்தான் நின்றோம். அந்த ஆனி மாதக் கடைசியில் 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாய் போனதை மறக்க முடியுமா? ஆகவே ஆயிரம் சீசீக்கு மேல் போவதில்லை என்பது முதல் தீர்மானம்.

இனி விளம்பரங்கள். எந்த விளம்பரத்தைத் திறந்தாலும் "ஃபுல் ஒப்ஷன்" என்றுதான் போட்டிருப்பார்கள். முதல் பத்துக் காரைப் பார்த்தபோது அந்தச் சொல்லுக்கு நான் மயங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அலோய் வீல், பெரிய அன்ட்ரொய்ட் செட், ரிவேர்ஸ் கெமரா, எல்.ஈ.டி. லைட், தோல் சீட் கவர். ஒரு கார் உள்ளே நீல வெளிச்சத்தோடு கலியாண வீடு மாதிரி இருந்தது. என்னோடு வந்த மெக்கானிக் நானா அதில் ஏறி இருந்து, ஸ்டியரிங்கைத் தடவிப் பார்த்து, "சேர், இதுல இருக்கிற ஒப்ஷன் எல்லாம் கடைல விக்கிற ஒப்ஷன். கடைல விக்காத ஒப்ஷன் ஒண்டும் இதுல இல்ல" என்றார்.

அந்த ஒரு வசனம்தான் எனக்கு வழி காட்டியது. கெமராவும் செட்டும் நாளைக்கும் பூட்டலாம், பணம் கையில் வரும்போது. பவர் ஷட்டர் கூடப் பூட்டுகிறார்கள். எயார்பேக், ஏ.பி.எஸ். பிரேக், பொடியின் உறுதி, இந்த மூன்றும் கார் கம்பனியை விட்டு வெளியே வரும்போது இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. வாங்குகிற நாளில் தவறவிட்டால் தவறியதுதான்.

முதலில் பார்த்தது இந்திய அல்டோ 800. நம் ஊர் வீதிகளில் அதிகம் ஓடுவது அதுதான். 796 சீசீ, மூன்று சிலிண்டர், கைக் கியர். உதிரிப்பாகம் எந்தச் சந்தியிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு திருத்துவார். ஐந்து பேர் இருக்கலாம். எனக்குச் சொன்ன விலை 40 இலட்சத்துக்குள். மிகக் கீழ்த்தரத்தில் ஏசியும் இல்லை, பவர் ஸ்டியரிங்கும் இல்லை. நம் சித்திரை வெயிலில் அதை வாங்கவே கூடாது. மேல்தரம் என்றால் முன் கண்ணாடிகளுக்குப் பவர் ஷட்டர் வரும். நான் பார்த்த நாலு காரில் ஒன்றிலும் எயார்பேக் இல்லை.

சரி, எயார்பேக் உள்ளது ஒன்றைத் தேடி எடுத்தால் போதும்தானே என்று நினைத்து இரவில் இருந்து வாசித்தேன். குளோபல் என்கேப் என்று ஒரு அமைப்பு, கார்களை மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்தில் மோதவிட்டுப் பரிசோதிக்கிறது. 2014 ஜனவரியில் இந்தியாவில் விற்ற ஐந்து சின்னக் கார்களின் முடிவை வெளியிட்டார்கள். எயார்பேக் இல்லாத சாதாரண தரங்கள்தான் சோதிக்கப்பட்டன. அல்டோ 800 உட்பட ஐந்துக்கும், பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திரமும் இல்லை. அதைவிட என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. அல்டோ, நானோ, ஐ10 மூன்றின் உடலமைப்பும் மோதலில் தாங்கவில்லை, இவற்றுக்கு எயார்பேக் பூட்டினாலும் பெரிய பயனில்லை என்று சொல்லியிருந்தார்கள். மற்ற இரண்டின் கூடு தாங்கியது. அவற்றில் ஒன்றான போலோவை இரண்டு எயார்பேக்கோடு சோதித்தபோது நாலு நட்சத்திரம் கிடைத்தது. அப்படியென்றால் பை மட்டும் போதாது, பைக்குப் பின்னால் ஒரு கூடும் நிற்க வேண்டும்.

இந்தியாவில் புதுக் கார்களுக்குச் சாரதி எயார்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில்தான். நம்மிடம் ஓடுகிற அல்டோக்களில் பெரும்பகுதி அதற்கு முந்தியவை. இதை எழுதுவதால் அல்டோ வைத்திருக்கும் சகோதரர்கள் கோபிக்க வேண்டாம். நாலு பேர் பைக்கில் போவதைவிட எந்த அல்டோவும் ஆயிரம் மடங்கு மேல். எந்த வேகத்தில் ஓட்டுகிறோம், பெல்ட் போடுகிறோமா என்பதும் இருக்கிறது. ஆனால் மனைவியின் காப்பை விற்று வாங்கும்போது இதைத் தெரிந்துகொண்டும் தெரியாத மாதிரி இருக்க என்னால் முடியவில்லை.

ரெனோ க்விட் பார்க்க ஆசையாக இருக்கும். நிலத்திலிருந்து 180 மில்லிமீற்றர் உயரம், டிக்கியும் பெரியது, நம் உள்வீதிக் குழிகளுக்கு ஏற்றது. 2016இல் அதையும் சோதித்தார்கள். எயார்பேக்கோடும் முதலில் பூச்சியம், கம்பனி திருத்திய பிறகு ஒரு நட்சத்திரம். அதோடு அந்தப் பேச்சை விட்டேன்.

வெகன் ஆர் எல்லோருடைய கனவு. ஜப்பான் கார், உயரமான கதவு, வயதானவர்கள் குனியாமல் ஏறலாம். ஹைபிரிட் என்றால் முன் பயணி சீட்டுக்குக் கீழே ஒரு சின்ன லித்தியம் பெற்றறி. கேட்ட விலை எல்லாம் 60 இலட்சத்துக்கு மேல். துஆ கேட்டுவிட்டுத் திரும்பி வந்தோம்.

மிஞ்சியது ஜப்பான் அல்டோ. பெயர் ஒன்று, கார் வேறு. விளம்பரத்தில் "அல்டோ" என்று மட்டும் போட்டிருந்தால் எது என்று கேட்டுவிட்டுப் போங்கள். நான் ஒருமுறை கேட்காமல் நிலாவெளி வரை போய்த் திரும்பினேன். இந்த அல்டோவின் கதையும் சுவையானது. 1979இல் சுசுகி இதை முதலில் இறக்கியபோது விலை 4,70,000 யென். தேவையில்லாதது எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் அந்த விலைக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது கம்பனித் தலைவராக இருந்த ஒசாமு சுசுகி நாங்கள் விழுந்த அதே மார்கழியில்தான் காலமானார். 94 வயது.

நான் பார்த்தது 2014 கடைசியில் வந்த மாதிரி. 658 சீசீ. இரண்டு எயார்பேக், ஏ.பி.எஸ். பிரேக். தரம் எஃப், எல், எஸ், எக்ஸ் என்று ஏறுகிறது. எஃப் மலிவு, ஆனால் அதில் வருவது கைக் கியர் அல்லது அந்தக் கைக் கியரைத் தானாக மாற்றும் ஒரு பொறி. ஓட்டிப் பார்த்தேன், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு குலுக்கு. எல்லிலிருந்து மேலே சி.வி.டி., வழுக்கிக்கொண்டு போகும். எக்ஸில் அலோய் வீலும் அலங்காரமும் கூட. நான் எல் போதும் என்று முடிவு செய்தேன். கார்க் கடைக்காரர் மைலேஜ் லீற்றருக்கு 37 என்றார். அது ஜப்பானில் சோதனைக்கூடத்தில் எடுத்த கணக்கு. டவுனுக்குள் ஏசியோடு எனக்குக் கிடைப்பது 20. அதுவே பெரிய விடயம்.

சிலவற்றில் ரேடார் பிரேக் என்று ஒன்றும் இருக்கும். முன்னால் வாகனம் நின்றால், நாம் மிதிக்காவிட்டாலும் கார் தானே பிரேக் போடப் பார்க்கும். மகன் உடனே, "ஹபரணைல யானை வந்தா?" என்றான். அது மணிக்கு முப்பது கிலோமீற்றர் வரையான குறைந்த வேகத்துக்குத்தான், யானைக்கு வாப்பாதான் பிரேக் போட வேண்டும் என்றேன். முன்கண்ணாடி மாற்றிய காராக இருந்தால் அந்த சென்சர் வேலை செய்கிறதா என்று தனியாகப் பாருங்கள். நான் எடுத்ததில் அது இல்லை. இருந்ததற்குக் கேட்ட கூடுதல் விலை எனக்கு எட்டவில்லை.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். ஜப்பானில் இந்தச் சின்னக் கார்களுக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. நீளம் 3.4 மீற்றருக்குள், அகலம் 1.48 மீற்றருக்குள், எஞ்சின் 660 சீசீக்குள், ஆட்கள் நாலு பேர். பின்சீட்டில் இரண்டு பெல்ட்தான். புத்தகத்திலும் நாலு இருக்கை. நாங்கள் வீட்டில் ஐந்து பேர், என் உம்மாவோடு.

உம்மாவுக்கு எழுபத்தொரு வயது. சீனி வருத்தம், முழங்கால் வருத்தம். மாதம் ஒருமுறை கிளினிக், ஓட்டோவில்தான் போய்வருகிறார். கார் என்ற பேச்சே பாதி அவருக்காகத்தான் எழுந்தது. நாலு சீட் என்று பேசிக்கொண்டிருந்ததை அடுப்படியிலிருந்து கேட்டிருக்கிறார். இரவுச் சாப்பாட்டின்போது சொன்னார், "என்னய விட்டுப்போட்டுப் போங்க மகன். நான் எங்க போக இருக்கு? வீட்டப் பாத்துக்கிட்டு இருக்கன்."

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அன்றிரவு இந்திய அல்டோவையே எடுப்போம், ஐந்து பேரும் ஒன்றாகப் போவோம் என்று முடிவு செய்தேன். காலையில் அந்த முடிவும் பிடிக்கவில்லை. உம்மாவை முன்சீட்டில் வைத்துக்கொண்டு எயார்பேக் இல்லாத காரை ஓட்டுவதா?

கணக்குத் தீர்த்தது மகள். அவளுக்குப் பதின்மூன்று வயது. ஒரு கொப்பியில் பன்னிரண்டு மாதத்தையும் எழுதி, யார் எங்கே போகிறோம் என்று அடையாளம் போட்டாள். உம்மாவின் கிளினிக்குக்கு நானும் உம்மாவும். மகளின் வகுப்புக்கு இரண்டு பேர். கிண்ணியாவுக்கு வழக்கமாக நாலு பேர், ஏனென்றால் பைக்கில் உம்மா வருவதே இல்லை. ஐந்து பேரும் சேர்ந்து போவது இரண்டு பெருநாள், பிறகு யாராவது சொந்தத்தில் கலியாணம் வைத்தால் ஒன்று. "மூணு நாளுக்காக முன்னூத்தி அறுபத்திரண்டு நாளையும் விடுறதா வாப்பா?" என்றாள். கணித ஆசிரியரின் மகள்! ஆனால் ஒரு திருத்தம் சொன்னேன். இனிக் கிண்ணியாவுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் உம்மாவும் வருவார். மற்ற ஒருவர் வேறு வழி பார்க்க வேண்டும். யார் அந்த ஒருவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

உம்மாவையும் கூட்டிக்கொண்டுதான் கார் பார்க்கப் போனோம். அல்டோ சீட் தாழ்வு, ஏறக் கஷ்டப்பட்டார். மெக்கானிக் நானா, "முதல்ல பக்கவாட்டில இருங்க உம்மா, பிறகு ரெண்டு காலையும் சேத்து உள்ள தூக்குங்க" என்று சொல்லிக்கொடுத்தார். மூன்றாம் தரம் சரியாக வந்தது. வீட்டில் முழங்கால் வருத்தம் உள்ளவர்கள் இருந்தால் அவர்களை ஏற்றிப் பார்க்காமல் முற்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் பிடித்த கார் கைவிட்டுப் போனது. போனது நல்லதுக்குத்தான். மீற்றரில் 68,000 என்று இருந்தது, பளபள என்று மினுங்கியது. ஜப்பானில் ஏலத்தில் விற்கும்போது ஒவ்வொரு காருக்கும் ஒரு தாள் எழுதுவார்கள். எவ்வளவு ஓடியது, எங்கே கீறல், எங்கே நெளிவு, என்ன தரம் என்று எல்லாம் அதில் இருக்கும். செஸி நம்பரைக் கொடுத்தால் கொஞ்சப் பணத்துக்கு அந்தத் தாளை எடுத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். எடுத்தேன். இலங்கைக்கு வரும் முன்பே அது 90,000க்கு மேல் ஓடியிருந்தது. விற்றவரிடம் காட்டினேன். அவருக்கே தெரியாது என்றார். இருக்கலாம். அவருக்கு முன்னால் எத்தனை பேரோ.

இன்னொரு சின்னச் சோதனை, இதற்குச் செலவே இல்லை. சாவியைத் திருப்பும்போது எயார்பேக் லைட்டும் ஏ.பி.எஸ். லைட்டும் சில விநாடி எரிந்து அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம், யாரோ பல்ப்பைக் கழற்றியிருக்கிறார்கள் என்று நானா சொன்னார். ஏற்கனவே விரிந்த எயார்பேக்கின் மேல் மூடியை மட்டும் ஒட்டிவிட்டு விற்ற கார்களை அவர் திருத்தியிருக்கிறாராம். கடற்கரை ஊர் என்பதால் மிதியடியைத் தூக்கித் தரையையும், டிக்கியில் மேலதிக டயர் இருக்கும் குழியையும் பாருங்கள். உப்புக் காற்று வெளியே பெயின்ற்றை விட்டுவிட்டு உள்ளே இருந்துதான் தின்னும்.

எடுத்த காரின் விலை 50 இலட்சத்தை ஒட்டி. காப்பு, சேமிப்பு, வாப்பா விட்டுப்போன காணித் துண்டின் என் பங்கு எல்லாம் போட்டும் குறைந்தது. வட்டி லீசிங்குக்குப் போகவில்லை, மிகுதிக்கு இஜாரா எடுத்தேன். கார் அவர்கள் பெயரில் இருக்கும், நாம் மாத வாடகை கட்டுகிறோம், முடிவில் நம் பெயருக்கு மாற்றித் தருவார்கள். இது சாதாரண லீசிங்கை விட மலிவு என்று நினைத்துப் போகாதீர்கள். எனக்குச் சொன்ன இரண்டு இடத்திலும் மாதத் தொகையில் பெரிய வித்தியாசம் இல்லை. காப்புறுதி யார் கட்டுவது, பிந்தினால் அறவிடும் தொகை எங்கே போகிறது, இடையில் முழுவதையும் கட்டி முடித்தால் என்ன கணக்கு, இந்த மூன்றையும் கையெழுத்துக்கு முன்னால் எழுத்தில் கேளுங்கள். நான் மூன்றாவதைக் கேட்க மறந்துவிட்டேன்.

சி.வி.டி. எடுத்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை யாரும் கேட்கவில்லை. மனைவி ஓட்டப் பழகினாள். ஓட்டோ கியருக்கு லைசன்ஸ் எடுத்தாள், முதல் தடவையிலேயே. அந்த மார்கழிக்குப் பிறகு அவள் பைக்கில் பின்னால் ஏறவே இல்லை. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தால் பயம் இல்லை என்கிறாள்.

போன வெள்ளிக்கிழமை கிண்ணியா போனோம். மனைவி ஓட்டினாள், முன்சீட்டில் உம்மா, பின்னால் பிள்ளைகள், நாலு பேருக்கும் பெல்ட். உம்மா அந்த வீட்டுக்குப் போய் ஆறு வருடம். சீனக்குடாவில் நாங்கள் விழுந்த இடம் வந்ததும் காரின் பிரேக் லைட் எரிந்தது, வேகம் குறைத்து மெதுவாகத் தாண்டினாள். நான் தலைக்கவசத்தோடு தனியாகப் பின்னால் வந்துகொண்டிருந்தேன்.

ஆகவே பைக் விற்கிறீர்களா என்று கேட்டவர்களுக்கு: இல்லை, மன்னியுங்கள். அது எனக்கு வேண்டும்.